பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் ஸ்டெப்னியைத் தட்டிப் பாருங்கள்

எங்கள் கார் வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் குரோம்பேட்டையைச் சுற்றித்தான் ஓடும். ஆபீஸ், பாப்பாவின் ஸ்கூல், காய்கறி மார்க்கெட், மாதம் ஒரு தடவை அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். அப்படிப்பட்ட வண்டியில் ஜனவரி மாதம் ஒரு நாள் நாலு பேரும் ஏறி, டிக்கியை அமுக்கி மூடும் அளவுக்குச் சாமானும் ஏற்றி, அம்பாசமுத்திரம் வரை சுமார் 650 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்டுகிறோம். இத்தனை நாளும் ஊருக்குள் ஓடியதால் வெளியே தெரியாமல் இருந்த கோளாறெல்லாம் அந்த ஒரு நாளில்தான் வெளியே வரும், அதுவும் உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் நடுராத்திரியில்.

எங்களுக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினோம். திருமாந்துறை டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம், மணி மூன்றரை இருக்கும். ஸ்டியரிங் இடது பக்கமாக இழுத்தது. வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார், பதற்றப்படாமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். இடது பின் டயர் முழுக்க இறங்கியிருந்தது. சரி, மாற்று டயர், அதுதான் ஸ்டெப்னி, இருக்கிறதே என்று டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி எல்லாச் சாமானுக்கும் அடியில். ரோட்டோரத்தில் போர்வையை விரித்து, சூட்கேஸ், அத்தைக்கு வாங்கிய குக்கர், பழப்பை, பாப்பாவின் கேரம் போர்டு என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்தோம். பக்கத்தில் லாரி போகும்போதெல்லாம் அந்தக் காற்றில் வண்டியே ஆடியது. அம்மா பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைவிட்டு நன்றாகத் தள்ளி நின்றிருந்தார்.

நட்டு கழலவில்லை. கொஞ்ச நாள் முன்பு ஒரு கடையில் அலைன்மென்ட் பார்த்தபோது ஏர் கன்னால் முடுக்கியிருந்தார்கள். வண்டியோடு வந்த சின்ன வீல் ஸ்பேனரில் அவர் ஏறி நின்றுகூடப் பார்த்தார், அசையவில்லை. ஒரு அரை மணி நேரம் கழித்து ஒரு நாமக்கல் லாரி முன்னால் போய் நின்றது. டிரைவர் அண்ணன் இறங்கி வந்தார், ஐம்பது வயது இருக்கும், கையில் ஒரு சாண் அகல டார்ச். ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்தார், திரும்பிப் போய் ஒரு இரும்புப் பைப் எடுத்து வந்து ஸ்பேனர் கைப்பிடியில் சொருகி, பைப்பின் நுனியைப் பிடித்து ஒரு அமுக்கு. 'டக்' என்று விட்டது. நாலு நட்டும் இரண்டு நிமிஷத்தில் கையில் வந்தது.

அப்புறம் நாங்கள் உருட்டி வந்த ஸ்டெப்னியை அவர் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினார். சத்தம் சொத்தென்று விழுந்தது. "இதுல காத்தே இல்லையே தங்கச்சி" என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, லாரியின் ஏர் டேங்கிலிருந்து ஒரு ஹோஸை இழுத்து வந்து காத்தடித்துக் கொடுத்தார். காத்தை அளக்கும் கேஜ் கிடையாது, தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்தே போதும் என்று நிறுத்தினார். விடிந்ததும் ஒரு பங்க்கில் பார்த்தோம், இரண்டு பவுண்டுதான் வித்தியாசம். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. "பிள்ளையக் கூட்டிட்டு முதல்ல கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்காமல் விட்டது இன்னும் மனசில் உறுத்துகிறது.

அன்றைக்குப் பிறகு, ஊருக்குப் போகும் தேதி முடிவானதும் அதற்குப் பதினைந்து நாள் முந்தைய ஞாயிற்றுக்கிழமையை வண்டிக்கென்று ஒதுக்கிவிடுகிறோம். ஏன் பதினைந்து நாள் என்றால், எங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்ன ஒரு விஷயம். "கெளம்புறதுக்கு மொத நாள் சர்வீஸுக்கு விடாதம்மா. பெரிய வேலை பார்த்தா இங்கயே ஒரு இருநூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பாரு. நான் ஒரு கிளிப்ப சரியா மாட்டாம விட்டிருந்தாலும் இங்கயே தெரிஞ்சிடும்." தன் வேலையைப் பற்றி இப்படி நேர்மையாகச் சொல்கிற ஆள் கிடைப்பது கஷ்டம். பண்டிகை வாரத்தில் எல்லா சர்வீஸ் சென்டரிலும் வண்டி வரிசையாக நிற்கும், அவசர அவசரமாக ஆயிலை மாற்றிக் கழுவித் தருவார்கள். முன்கூட்டியே விட்டால் நிதானமாகப் பார்ப்பார்கள், ஏதாவது பார்ட்ஸ் ஆர்டர் போட வேண்டியிருந்தாலும் வந்து சேர நாள் இருக்கும்.

முதல் வேலை டயர். ஐந்து டயர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். எங்கள் ஸ்டெப்னியில் 3116 என்று இருந்தது. ரோட்டையே பார்க்காத டயர், பட்டன் எல்லாம் புதுசு போல இருந்தது, ஆனால் கையால் வளைத்துப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். ஆறு வருஷம் தாண்டிய டயரை நம்பி நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை, உங்களுக்கும் வேண்டாம். ஓடும் நாலு டயரில் தேய்மானம் பார்ப்பது சுலபம். பள்ளத்துக்குள் குறுக்காகச் சின்ன மேடு இருக்கும், டயரின் மேல்பரப்பு அந்த மேட்டோடு சமமாக வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது, 1.6 மில்லிமீட்டர்தான் சட்டப்படி கடைசி அளவு. மழையில் அந்த அளவு வரை தேய விடுவதே ஆபத்து.

காத்து எவ்வளவு என்பதற்கு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் பல வண்டிகளில் இரண்டு கணக்கு போட்டிருப்பார்கள், இரண்டு மூன்று பேர் போனால் ஒன்று, முழு லோடுக்கு ஒன்று. ஊருக்குப் போகும்போது இரண்டாவது கணக்குதான் நமக்கு. பங்க்கில் காத்தடிக்கிற பையன் எல்லாக் காருக்கும் ஒரே எண்ணை வைத்து அடித்துவிடுவான், நாம்தான் சொல்ல வேண்டும். டயர் ஆறியிருக்கும்போது, அதாவது கிளம்பி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடிக்க வேண்டும். ஓடி ஓடிச் சூடானால் பிரஷர் தானாக நாலைந்து பவுண்டு ஏறும். அது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து நடுவழியில் காத்தை இறக்கக் கூடாது. வெயிலில் டயர் வெடித்தது என்று கேள்விப்படுகிறோமே, அதில் நிறைய காத்து குறைந்த டயர்தான். குறைந்தால் பக்கச்சுவர் நசுங்கி நசுங்கி நிமிரும், அந்த நசுங்கலில்தான் சூடு ஏறுகிறது.

இன்னொன்று, உங்கள் வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்றே ஒரு தடவை பாருங்கள். 2020-இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, டயர் பிரஷர் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே வண்டியை விற்கலாம். சில வண்டிகளில் ஸ்டெப்னி சின்ன அளவாக இருக்கும், அதில் 80-க்கு மேல் போகாதே என்று எழுதியிருக்கும், அதை மாட்டிக்கொண்டு மதுரை வரை போய்விடலாம் என்று நினைக்காமல் அடுத்த பஞ்சர் கடையிலேயே நிற்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு டயரைக் கழற்றி மாட்டுவோம். கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றலாம். ஆனால் நட்டு கழலுமா, ஜாக்கி ஒழுங்காக ஏறுகிறதா, வண்டிக்கு அடியில் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் பகலில், வீட்டு வாசலில், அவசரம் இல்லாமல் ஒரு தடவை செய்து பார்த்தவருக்குத்தான் இருட்டில் கை வரும். எனக்கும் தெரிந்தாக வேண்டும் என்று பிடிவாதமாகக் கற்றுக்கொண்டேன், ஏனென்றால் பாதித் தூரம் நான்தான் ஓட்டுகிறேன். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டை இளக்கிவிட்டு அப்புறம் ஜாக்கி ஏற்ற வேண்டும், இறக்கிய பிறகு குறுக்கும் மறுக்குமாக முடுக்க வேண்டும். கை நீளத்துக்கு விரியும் ஸ்பேனர் ஒன்று வாங்கி வைத்தோம். பாப்பா கழற்றிய நட்டையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு எண்ணிச் சொல்வாள், ஒன்பது வயசு, அது அவள் வேலை.

அடுத்தது கூலன்ட், இன்ஜின் சூட்டை ஆற்றும் திரவம். பொங்கல் பயணத்தில் வண்டிக்கு உண்மையான சோதனை நெடுஞ்சாலையில் இல்லை, பெருங்களத்தூரில்தான் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து பரனூர் டோல்கேட் வரை முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது, பண்டிகைக்கு முந்தைய நாள் சாயங்காலம் அதைத் தாண்ட மூன்று மணி நேரம் ஆகலாம். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஏசியும் ஓடிக்கொண்டிருக்க, முழுப் பாரமும் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான். அதனால் வீட்டிலேயே வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைத்து, ஏசி போட்டும் போடாமலும் பதினைந்து இருபது நிமிஷம் விடுங்கள். ஃபேன் ஓடி நின்று திரும்ப ஓடும் சத்தம் கேட்க வேண்டும், டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து நகரக் கூடாது. ஃபேன் ஓடவில்லை என்றால் கூடுவாஞ்சேரியிலேயே பயணம் முடிந்தது.

கூலன்ட் டப்பாவில் மேல் கோடு கீழ் கோடு இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். எங்கள் ஏரியா போர் தண்ணீரில் பக்கெட் வாளியே இரண்டு மாதத்தில் வெள்ளை படிந்துவிடும், அந்த உப்பு ரேடியேட்டருக்குள் போய் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். வண்டிக்குரிய கூலன்ட், அல்லது டிஸ்டில்ட் வாட்டர். மாதா மாதம் குறைகிறதென்றால் எங்கேயோ ஒழுகுகிறது, ஊற்றிக்கொண்டே போகாமல் காட்ட வேண்டும். நடுவழியில் சூடேறிவிட்டால் ஏசியை அணைத்து ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். மூடியை மட்டும் தொடாதீர்கள், அரை மணி நேரத்துக்கு மேல் ஆறட்டும். உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் நூறு டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகச் சீறும். என் சித்தப்பா கையில் முழங்கை வரை அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று எல்லாரும் கேட்பார்கள், பிரேக் ஆயிலைக் கேட்க மாட்டார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேரச் சேரக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஊருக்குள் நாற்பதில் போய் பிரேக் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. முழு லோடோடு நூறில் போய் நாலு தடவை அழுத்தி அடித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. இன்ஜின் ஆயில், பேட்டரி, பெல்ட் எல்லாம் சர்வீஸில் பார்த்துவிடுவார்கள். பேட்டரிக்கு மூன்று நாலு வருஷம் ஆகி, காலையில் செல்ஃப் எடுக்க இழுத்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு மாமல்லபுரம் வரை ஒரு நடை போய் வருவோம், போய்வர நூறு கிலோமீட்டர் அளவு. பாப்பாவுக்குக் கடல், எங்களுக்கு வண்டி. ரோடு காலியாக இருக்கும் இடத்தில் எண்பது தொண்ணூறு வரும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று பார்ப்பேன், நடுங்கினால் பெரும்பாலும் வீல் பேலன்சிங். கையை லேசாகத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் பார்ப்பேன். ரேடியோ கிடையாது, யாரும் பேசக் கூடாது, பத்து நிமிஷம் சத்தத்தை மட்டும் கேட்போம். அப்படித்தான் போன வருஷம் ஒரு வீல் பேரிங் ஊளையிடுவதைக் கண்டுபிடித்தோம்.

பின் சீட் பெல்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் கார் வாங்கியதும் சீட் கவர் போடுகிறோம், அந்தக் கவர் மாட்டுகிறவர் பின் சீட்டின் பெல்ட் கொக்கிகளை அடியில் தள்ளி மூடிவிடுகிறார். எங்கள் வண்டியில் ஐந்து வருஷம் அவை வெளியிலேயே வரவில்லை. ஒரு நாள் சீட்டைத் தூக்கி, கவரின் இடுக்கில் கையை விட்டுத் துழாவினால், பிஸ்கட் தூளும் ஒரு ரூபாய் நாணயமும் ஒட்டிக்கொண்டு மூன்று கொக்கியும் அங்கே படுத்திருந்தன. கவரில் துளை வெட்டி வெளியே எடுத்தோம். பின்னால் உட்காருபவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். சட்டம் இருக்கட்டும், நீங்கள் நூறில் போகும்போது உங்கள் பின்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் அம்மாவும் பிள்ளையும். பின் கண்ணாடியை ஒட்டிய தட்டில் கனமான எதையும் வைக்காதீர்கள், திடீர் பிரேக்கில் தண்ணீர் பாட்டில்கூடப் பறந்து வந்து தலையில் அடிக்கும்.

திரும்பி வரும் லோடைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. போகும்போது துணிமணிதான். வரும்போது? இட்லிக்கு அம்பை 16 அரிசி ஒரு மூட்டை, இருபது தேங்காய், வாழைத்தார், கருப்பட்டி, கரும்பு, அத்தை கட்டிக் கொடுக்கும் வடகம். நூறு கிலோவுக்குப் பக்கத்தில் ஏறிவிடுகிறது, அத்தனையும் டிக்கியில். பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கொள்ளும். ஒரு தடவை அப்படித்தான் அம்பையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக நெல்லைக்கு இருட்டில் வந்துகொண்டிருந்தோம், எதிரே வருகிற பஸ்ஸெல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டியது. நான் ஹைபீமே போடவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் 0, 1, 2, 3 என்று ஒரு சின்ன உருளை இருக்கும், அதைத் திருப்பினால் ஹெட்லைட் வெளிச்சம் கீழே இறங்கும். ஒருத்தர் மட்டும் போனால் பூஜ்யம், லோடு ஏற ஏற எண்ணைக் கூட்ட வேண்டும். அரிசி மூட்டையைப் பின் சீட்டுக்கு முதுகு ஒட்டினாற்போல அடியில் போடுங்கள், ஊரைவிட்டுக் கிளம்பும் முன் காத்தையும் திரும்பப் பாருங்கள். ஊரில் நாலு நாள் வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிக்குள் எலி புகுந்துவிடும், அதனால் கிளம்பும் காலையில் பானட்டைத் திறந்து வயர் எதுவும் கடிபட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை.

டோல் விஷயத்தில் ஃபாஸ்டாக்கில் பணம் இருக்கிறதா, டேக் செல்லுபடியாக இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லாவிட்டால் யுபிஐ-யில் ஒன்றேகால் மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும், 2025 நவம்பரில் வந்த விதி இது. சென்னையிலிருந்து நெல்லைக்குப் போக மட்டும் பத்துக்கு மேல் டோல்கேட். வருஷத்தில் மூன்று நாலு தடவை ஊருக்குப் போகிறவர்களுக்கு 2025-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடாந்தர பாஸ் லாபம், 200 தடவை டோல்கேட்டைத் தாண்டுவது அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அதுவரை. ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நாலையும் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் எடுத்து வைத்துவிடுங்கள், இன்சூரன்ஸ் தேதி பயணத்துக்கு நடுவில் முடிகிறதா என்று மறக்காமல் பாருங்கள். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033. அன்றைக்கு எங்களுக்கு அந்த எண் தெரியாது. விபத்து என்றால் 108, எதற்கும் 112.

டிக்கியில் இப்போது சாமான் அடுக்குவது நான்தான். ஜாக்கி, ஸ்பேனர், சிவப்பு முக்கோணம், டார்ச், பிரஷர் கேஜ், டேஷ்போர்டு சாக்கெட்டில் மாட்டிக் காத்தடிக்கும் சின்ன பம்ப், இவ்வளவும் ஒரு பையில், எல்லாவற்றுக்கும் மேலே, கையெட்டும் தூரத்தில். ராத்திரிப் பயணத்தை விட்டுவிட்டோம். மூன்றிலிருந்து ஐந்து மணி வரை கண் தானாகச் சொருகும், அந்த நேரத்தில் நாங்கள் இப்போது வீட்டில் எழுந்து குளித்துக்கொண்டிருக்கிறோம். போகி அன்று காலையில் மட்டும் கிளம்ப மாட்டோம், பழசெல்லாம் எரிக்கிற புகையும் பனியும் சேர்ந்து பல்லாவரத்தில் பாலமே தெரியாது.

கிளம்பும்போது அம்மா நாலு டயருக்கும் எலுமிச்சை வைப்பார். அந்த ராத்திரிக்குப் பிறகு ஐந்து வாங்குகிறார், ஐந்தாவதை டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுப்பார்.

இந்த வருஷப் பயணத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. காலையில் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தேன், கணீரென்று கேட்டது. பின் வைப்பர் ரப்பர் மட்டும் வெயிலில் காய்ந்து கண்ணாடியில் கோடு போடுகிறது, அதை நாளைக்கு மாற்றிவிட வேண்டும்.